வண்டியா, வீடா

செவ்வாய், இரவு.

"இதில் நான்தான் குடியிருக்கப் போகிறேன்" என்று இன்றும் அம்மாவிடம் சொல்லவில்லை. கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடத்தான் இந்தப் பழைய கேரவனை வாங்கினேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

தரைப் பலகை ஊறி உளுத்துப் போயிருந்தது. "மேலயே மேட் ஒட்டிட்டா யாருக்கும் தெரியாதும்மா" என்றார் ஆசாரி. எனக்குத் தெரியுமே. முழுவதையும் பெயர்த்து, துருவைச் சுரண்டி, புதுப் பலகை அடித்தோம். அடுத்த மழையில் அதன்மேல் படுக்கப் போவது நான். சுவர்களை மட்டும் நானே தேய்த்து வெள்ளையடிக்கிறேன்.

சாயங்காலம் அம்மா பூக்கடைப் பையோடு வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பையில் எலுமிச்சம்பழங்கள் தெரிந்தன.

"வாடகை வண்டிக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய புத்தக அலமாரி?"

நான் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"வெள்ளிக்கிழமை பூஜை போட்டுடலாம். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கணுமா, இல்ல உள்ள பால் காய்ச்சணுமா? அத மட்டும் சொல்லு."

பால் என்றால் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். பழம் என்று பொய் சொல்லவும் மனமில்லை. தேய்ப்பதையும் நிறுத்தவில்லை. அம்மா அலமாரியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, பையோடு போய்விட்டாள்.

ராத்திரிக்கு எலுமிச்சை சாதம் செய்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்கென்று பையில் ஒரு பழம்கூட மிச்சமில்லை.