அம்மாவின் கழுத்துக் கட்டி

12 ஆகஸ்ட் 1978, சனிக்கிழமை. சங்கரன்கோவில்.

மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷப் பாடமே மலையாகக் கிடக்க, உடற்கூறியல் பரிசுத் தேர்வுக்கும் பெயர் கொடுத்திருப்பதை வீட்டில் சொன்னேன். அப்பா கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுக்களையில் அம்மா என் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். "ஏட்டி, இங்கன ஒரு கட்டி இருக்கு. என்னன்னு பாத்துச் சொல்லு."

கோலிக்குண்டு அளவு இருந்தது. வலியில்லையாம். அந்த இடத்து நரம்பு, ரத்தக்குழாய் எல்லாவற்றின் பெயரும் எனக்குத் தெரியும். பிணத்தில் அறுத்துப் பார்த்துப் படித்தது. கட்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். உடனே நம்பிவிட்டாள். அதுதான் பொறுக்கவில்லை.

சாப்பிட்டதும் அவளிடம் போனேன். "எனக்குத் தெரியலம்மா. திங்கக்கிழமை என்கூட எங்க காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வா."

அம்மா சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டாள். பிறகு, "வாரேன். அப்பாட்ட மட்டும் இப்பச் சொல்லாதட்டி, சந்தோசமா இருக்காரு" என்றாள்.