வானத்திலிருந்து விழுந்த பிள்ளை

தெற்கு முனை கிராமம்,
1987, பன்னிரண்டாம் மாதம்

சுய்ஹோக் அவர்களுக்குக் கிம்ஹியோ எழுதுவது.

என்ன முறை சொல்லி உங்களை அழைப்பது என்று தெரியாமல் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவனுக்குப் பேரு வச்சவளே நான்தான். பேரைப் போட்டே எழுது, கோவிச்சுக்க மாட்டான்" என்றார். அதனால் பெயரையே எழுதிவிட்டேன். இங்கே அம்மா சுகம். எல்லோரும் சுகம். நீங்களும் உங்களைச் சேர்ந்தவர்களும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

ஹாங்காங் நண்பர் வழியாக நீங்கள் அனுப்பிய கடிதம் வந்தபோது நாங்கள் முற்றத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சீவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். தபால்காரர் உங்கள் பெயரைச் சொன்னார். நான் கத்தியைக் கீழே போட்டேன். அம்மா போடவில்லை. கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "படி" என்றார். படித்தேன். திரும்பவும் படிக்கச் சொன்னார். ஊரே வந்து கூடிவிட்டது. உங்களைப் போலத் தைவானில் இருப்பவர்கள் இனிமேல் சொந்தங்களைப் பார்க்கச் சீனாவுக்கு வரலாமாம், ரேடியோவில் சொன்னார்கள் என்று ஆளுக்காள் பேசினார்கள். அம்மா அழவில்லை. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் படத்தில் உங்களுக்குப் பின்னால் கொடியில் துணி காய்கிறது. நான் அதைக் கவனிக்கவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தார். "இதப் பாரு, பள்ளிக்கூடச் சட்டை. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ரெண்டு புள்ளைங்க இருக்குடி!" என்று சிரித்தார். பல் இல்லாத அந்தச் சிரிப்பை நீங்கள் பார்க்க வேண்டும். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். "இப்பத்தான் பள்ளிக்கூடம் போகுதுங்கன்னா, இவன் நாப்பது வயசுக்கு மேலதான் கட்டியிருக்கான். அதுவரைக்கும் ஒத்தையாவே உக்காந்து சாப்பிட்டிருக்கான்" என்றார். அப்போதுதான் அழுதார். நான் கிழங்கை அள்ளி உள்ளே வைக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். நீங்கள் போகும்போது என் வயிற்றில் இருந்தது பெண் குழந்தை. ஹாய்யென் என்று பெயர் வைத்தோம். நடுநிலைப் பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறாள். நெற்றி அப்படியே உங்களுடையது. பிடிவாதமும் உங்களுடையதுதான் என்று அம்மா சொல்வார். எனக்கென்னவோ அது அம்மாவிடமிருந்து வந்தது என்றுதான் தோன்றுகிறது.

'வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறீர்கள்' என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது. அம்மாவின் கதையைச் சொன்னால்தான் அது புரியும்.

உங்களையும் ஊரின் மற்ற ஆண்களையும், தோற்றுத் தைவானுக்குப் பின்வாங்கிய சிப்பாய்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, எல்லா வீட்டுத் தாய்மார்களும் கரைக்குப் போய்க் கடலைப் பார்த்துக் கூப்பிட்டு அழுவார்கள். அம்மா போகவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடப்பார். கிணற்றடிக்குக்கூடச் சுற்றுவழியாகப் போவார். மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டார். தீவில் பிறந்து தீவில் வாழ்ந்தவர், மீன் வாடை அடித்தாலே தட்டைத் தள்ளிவிடுவார். "என் புள்ளையத் தூக்கிட்டுப் போனது இதுதான். இதுலேருந்து வர எதையும் நான் வாயில வைக்க மாட்டேன்" என்பார். பல சமயம் என்னையே உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நானும் "என்னம்மா" என்று திரும்பிப் பார்த்துவிடுவேன்.

ஹாய்யென் ஓடி விளையாடத் தொடங்கியிருந்தாள். அந்தக் கோடையில், உங்களைக் கொண்டுபோன அக்கரைப் படை திரும்பி வந்தது. அதற்குச் சில நாள் முன்பாகவே ஊரில் ஒரு வதந்தி. 'அவர்கள் வந்தால் பிடித்துப்போன நம் ஆட்களைத்தான், கரை தெரிந்தவர்கள் என்று, வழிகாட்ட முன்னால் அனுப்புவார்கள்' என்று. அம்மா அதை நம்பிவிட்டார்.

விடிந்த நேரம். கரைப்பக்கம் பீரங்கிச் சத்தம். நாங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். பிறகு ஆகாயத்தில் விமானங்களின் இரைச்சல். அம்மா தவழ்ந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். வானம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குடைகள். ஒவ்வொரு குடையின் அடியிலும் ஒரு மனிதன் தொங்கிக்கொண்டு மெதுவாக இறங்குகிறான். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாகவும் அவ்வளவு பயங்கரமாகவும் ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அம்மா வாயைத் திறந்தபடி நின்றார். "கடல் வழியா வரல. மேல வழியா வரான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த நிமிடம் காவடித் தடியைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் தண்ணீர் வாளியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு அம்மாவைத் திருப்பிக் கூட்டிவர ஓடினேன். கிழங்கு வயல்களுக்கு நடுவே துப்பாக்கிச் சண்டை. வரப்பில் படுத்துக்கொண்டேன். அம்மா படுக்கவில்லை. தண்ணீர் சிந்தாமல், சந்தைக்குப் போகிறவர் மாதிரி, வயலுக்கு வயல் நடந்தார். விழுந்து கிடந்தவன் நம் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிப் பார்ப்பார். உயிர் இருந்தால் தண்ணீர் கொடுப்பார். இல்லையென்றால் கண்ணை மூடிவிட்டு அடுத்தவனிடம் போவார். நான் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இவர் யார், நான் தினமும் சோறு போடுகிற அம்மாதானா என்று நினைத்தேன். தோட்டாக்கள் அவருக்கு வழிவிட்டு விலகிப் போவதுபோல் இருந்தது.

கடைசி வயலில் ஒருவன் வெள்ளைக் குடைத் துணிக்குள் சுற்றிக்கொண்டு கிடந்தான். கால் உடைந்து தொடையில் குண்டு. மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். நீங்கள் இல்லை. அவன் பேசியது அம்மாவுக்குப் புரியவில்லை. எழுத்தறிவு வகுப்பில் கொஞ்சம் நாட்டுப் பொதுமொழி கற்றிருந்ததால் என்னைக் கேட்கச் சொன்னார். "லிம் சுய்ஹோக்னு ஒருத்தனைத் தெரியுமா? எங்க ஊரு ஆளு" என்று கேட்டேன். அவன் வாளியைப் பார்த்துக்கொண்டே, "தெரியும், தெரியும். உசரமா இருப்பாரு. நல்லாத்தான் இருக்காரு" என்றான். அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அம்மா அவன் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தன் தலைத்துணியை அவிழ்த்து, தாடையில் அடிபட்டவனைப் போல அவன் வாயைச் சேர்த்து இறுக்கிக் கட்டினார். "வாயைத் தொறக்காதேன்னு சொல்லு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சற்று நேரத்தில் வடக்குக் கிராமத்து ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். "எதிரியத் தூக்க மாட்டோம், நம்ம ஆளுங்களே இன்னும் கிடக்காங்க" என்று விலகினார்கள். அம்மா எழுந்து நின்று, "இவன் எதிரி இல்ல. எம் புள்ள. மூணு வருசத்துக்கு முன்னால இழுத்துட்டுப் போனாங்களே, அந்தப் புள்ள. தூக்குங்கடா" என்றார். அவர்களுக்கு உங்கள் முகம் தெரியாது. ஆனால் கூடவே நம் ஊர் காவற்படைத் தலைவர் சுன்தெக் வந்தார். உங்களோடு படகு விட்டவர். அவர் அந்தப் பையனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், அம்மாவையே எதிரிக்கு உதவியவள் என்று இழுத்துப் போயிருப்பார்கள். சுன்தெக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஆமா, இந்த அம்மா மகன்தான். சின்ன வயசுலேருந்தே சேட்டை. தூக்குங்க" என்றார்.

மருத்துவ முகாமில் கட்டை அவிழ்த்ததும் அவன் ஹுனான் மாகாணத்துப் பேச்சில் கத்தினானாம். குட்டு வெளிப்பட்டது. சண்டை ஓய்ந்த பிறகு ஓர் அதிகாரி விசாரிக்க வீட்டுக்கு வந்தார். "ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "எது பொய்? ஒரு புள்ளையக் கப்பல்ல தூக்கிட்டுப் போனாங்க. ஒரு புள்ளைய வானத்துலேருந்து போட்டாங்க. நான் யார்கிட்டயும் கேக்கல. போட்டதை எடுத்துக்கிட்டேன்" என்றார். அதிகாரி குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை.

அந்தப் பையன் பெயர் பெங். அவனையும் உங்களைப் போலவே நடுவழியில் பிடித்துக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். கைதி முகாமிலிருந்து விடுதலையானதும் ஹுனானுக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். அவன் அம்மா இல்லை. வீடும் இல்லை. ஒரு நாள் மதியம் நொண்டிக்கொண்டே வந்து நம் வாசலில் நின்றான். மண்டியிட்டு, "அம்மா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். உங்க மகனை நான் பார்த்ததே இல்ல. தாகத்துல சொல்லிட்டேன்" என்று அழுதான். அதற்குள் நம் பேச்சைக் கொஞ்சம் பழகியிருந்தான்.

அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "அன்னிக்கே தெரியும். உசரமா இருப்பான்னு சொன்னே. எம் புள்ள குள்ளம். உள்ள வா, காலைக் கழுவு."

தெரிந்தேதான் அவன் தலையை மடியில் வைத்தாரா? உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட அவனிடம் இல்லை என்று தெரிந்தேதான் ஊர் முன்னால் அப்படி நின்றாரா? இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அம்மாவின் ஆழம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பெங் தங்கிவிட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டார். ஹாய்யெனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். சில வருடம் கழித்து, நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அவரை நான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொன்னார். நான் கடலைச் செடியை வீசிவிட்டு எழுந்து போனேன். பல நாள் அம்மாவோடு பேசவில்லை. "நீங்க மட்டும் காத்திருக்கலாம், நான் காத்திருக்கக் கூடாதா?" என்று கடைசியில் சண்டைக்குப் போனேன். "நான் பெத்தவ. சாகுற வரைக்கும் எனக்கு அதுதான் வேலை. உனக்கு எதுக்கு அந்த வேலை? உன் வயசு போயிட்டிருக்கு" என்றார். "அவர் வந்தா என்ன சொல்வீங்க?" என்றேன். "வந்தா நான் பேசிக்கிறேன். திட்டட்டும், என்னைத் திட்டட்டும். அவன் திட்டுறதக் கேக்கக் கொடுத்து வைக்கணுமே" என்றார்.

அன்று மாலை அம்மா கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நீங்கள் போன பிறகு அதுதான் முதல் தடவை. பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

எனவே வீட்டில் இருப்பவர்கள் அம்மா, நான், பெங். எங்களுக்கு ஒரு மகன், படகில் வேலை. 'நான்தான் பண்ணி வச்சேன்னு எழுது' என்று இப்போதும் அம்மா பின்னாலிருந்து சொல்கிறார். எழுதிவிட்டேன். இதற்கு மேல் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. என் எழுத்துக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

நீங்கள் வரலாம் என்று தெரிந்ததிலிருந்து பெங் சரியாகத் தூங்குவதில்லை. நீங்கள் வருகிற அன்று படகில் மகனோடு போய்விடுகிறேன், உங்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்கிறார். அம்மா அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார். "எங்கயும் போகக் கூடாது. ரெண்டு பேரும் என் முன்னால வந்து சேர்ந்து நிக்கணும். நான் பாக்கணும்" என்று உத்தரவு போட்டிருக்கிறார். அம்மாவுக்கு வலது கண் மட்டும்தான் தெரிகிறது. அதுவும் காலை வெளிச்சத்தில்தான். ஆகவே வசந்தத்துக்குள் வந்துவிடுங்கள். காலைப் படகில் வாருங்கள்.

தனியாக வராதீர்கள். உங்கள் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு நான் மூத்தவள், அவ்வளவுதான். அவருடைய பெயரை எழுதுங்கள், எப்படிக் கூப்பிடுவது என்று இந்தத் தடவை முன்னாலேயே தெரிந்திருக்கட்டும்.

அம்மா துணிச் செருப்பு தைக்க உட்கார்ந்துவிட்டார். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால் போதும், மீதியை விரலே பார்த்துக்கொள்கிறது. உங்கள் மனைவி, பிள்ளைகள் மூவரையும் காகிதத்தில் கால் வைக்கச் சொல்லி, சுற்றிப் பென்சிலால் வரைந்து அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். உங்களுடையது வேண்டாமாம். அன்று உங்களை வெறுங்காலோடுதான் இழுத்துப் போனார்கள்; உங்கள் செருப்பு ஜோடியை அம்மா இன்னும் தலைமாட்டில் வைத்திருக்கிறார். அந்த அளவிலேயே உங்களுக்குத் தைத்து முடித்துவிட்டார்.

கடல் உங்களுக்கு அமைதியாக இருக்கட்டும். நீங்கள் எல்லோரும் நல்லபடியாகக் கரை சேருங்கள்.

இப்படிக்கு,
கிம்ஹியோ