நீ பிடுங்கிய பிளக்

அக்கா, அரிசி எடுக்க உன் பிரிட்ஜைத் திறந்தேன். எலி புகாத பெட்டி என்று அதில்தான் அரிசி வைத்திருக்கிறேன். இன்னும் வவ்வால் மீன் வாசம் போகவில்லை.

கரண்டு ரீடிங் எடுக்க வரும் வாரம் இது. காலையிலிருந்து மீட்டருக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உன் வீட்டுக்குக் குடிவந்தவள் வந்து, "அந்த மிஷின ரீடிங் முடியற வரிக்கும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் போடேன். பில்லு ஏறிக்கினே போவுது" என்றாள். சாயங்காலம் பதில் கேட்டு வருவாள்.

இந்தப் பிரிட்ஜ் வந்த கதை நினைவிருக்கிறதா? மீன்பாடி வண்டியில் ஏற்றி, அதைக் கட்டிப்பிடித்தபடி கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திருவொற்றியூருக்கு வந்து இறங்கினாய். தெருவே சிரித்தது. "இன்னா சிரிப்பு? மாப்ளைய இட்டாந்துகிறேன், ஆரத்தி எடுங்கடி!" என்றாய். எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன்.

அப்போதும் இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர்தான். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் மொத்தத்துக்கும் ரேட்டு கூடிவிடும். அதனால் ரீடிங் நெருங்கினால் நீயும் நானும் ஃபேனை நிறுத்திவிட்டு வாசலில் அட்டையால் விசிறிக்கொள்வோம். என் வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மிஷின் வந்ததும் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. பில்லுக்குப் பயந்து ஒருநாள் அவரே மிஷினை அணைத்துவிட்டார். உதடு நீலம் பாரித்துவிட்டது.

மீன் கூடையோடு வந்த நீ பார்த்துவிட்டாய்.

"இன்னா நைனா, மூச்ச மிச்சம் புட்ச்சி யாருக்கு சேத்து வெக்கப் போற?" என்று சுவிட்சைப் போட்டாய். நேரே உன் வீட்டுக்குப் போய் பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாய்.

"மீனு கெட்டுடுமேக்கா!" என்று பதறினேன்.

"உப்பு போட்டா கருவாடு. உன் புருசனுக்கு உப்பு போட முடியுமா? போடி!"

அதன்பின் மிஞ்சிய மீனெல்லாம் மாடியில் காய்ந்தது. தெருக் காக்காயெல்லாம் நம் மாடியில்தான். நீ கண்ணை மூடிய பிறகு உன் மகள், "அம்மா உனுக்குத்தான்னு சொல்லிச்சி, சித்தி" என்று இந்தப் பிரிட்ஜை என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். நான் இன்றுவரை பிளக் சொருகவில்லை.

உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. சாயங்காலம் அவள் வரட்டும். என் வீட்டு ஃபேன், டிவி, லைட்டு எல்லாவற்றையும் அணைக்கிறேன், மிஷின் மட்டும் ஓடும் என்று சொல்லப் போகிறேன். மீறிப் பேசினால் ஒரு "போடி" போடுவேன். உன்னைப்போல அத்தனை அன்பாகச் சொல்ல வராது, அக்கா.