பூதத்தின் பற்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

எங்கள் பதிப்பகத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய தீர்மானம் ஒன்று நேற்று ஒருமனதாக நிறைவேறியது. என் கதையில் வரும் பூதம் இனி அம்மா முயலை விழுங்காது. விருந்துக்கு அழைத்துப் போகும்.

"பிள்ளைங்க பயந்துடுவாங்கம்மா" என்றார் மேலாளர். பயந்திருந்தது அவர்தான். பற்களை ஓவியர் ஏற்கெனவே வரைந்துவிட்டதால், அவை புன்னகை என்று முடிவாயிற்று. குட்டி முயல் தினமும் அம்மாவுக்குத் தட்டு வைத்துக் காத்திருக்கும். கடைசிப் பக்கத்தில் அம்மா வந்துவிடுவாள்.

புத்தகத்தின் முதல் பிரதி உன் மகளுக்கு, நம் வாயாடிக்கு. அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போனதிலிருந்து பிள்ளை வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். இதைப் பார்த்தாவது சிரிக்கட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

மார்ச் 15

அன்புத் தங்கச்சிக்கு,

புத்தகம் வந்தது. மிக்க நன்றி. முயல் திரும்பி வந்ததும் வாயாடி கைதட்டினாள். அன்று சாயங்காலம் மேஜையில் மூன்று தட்டு வைத்தாள்.

"மூணாவது யாருக்குடா?"

"தட்டு வெச்சாத்தாம்ப்பா அம்மா வருவாங்க. முயல் வெச்சுதுல்ல?"

அதிலிருந்து தினமும் மூன்று தட்டு. நேற்று அந்தத் தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அழுக்காக இருந்ததால்தான் அம்மா வரவில்லையாம்.

அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அவளிடம் சொல்லி வைத்தவன் நான்தான். ஆகவே உன்னைக் குறை சொல்லவில்லை. கொஞ்சம்தான் சொல்கிறேன். எத்தனையோ மாடி லிப்டைப் பழுது பார்க்கிறவனுக்கு, தட்டு கழுவுகிற பிள்ளையிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

உனக்குத் தெரியும். நீதான் எனக்கே சொன்னாய். லிப்ட் பாதியில் நின்றால் உள்ளே இருப்பவரிடம் "இதோ கிளம்பிடும்" என்று சொல்லக் கூடாது. அவர் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். "நின்னுடுச்சு, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றால் உட்கார்ந்துவிடுவார். உங்கள் தொழிலில் அதுதானே முதல் பாடம்?

நான் முதலில் எழுதிய கதையை இத்துடன் அனுப்புகிறேன். இதில் பூதம் விழுங்குகிறது. அம்மா வருவதில்லை. குட்டி அழுகிறது, அப்பா முயல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. படங்கள் நானே வரைந்தவை, பொறுத்துக்கொள். பற்கள் பற்களாகவே இருக்கின்றன.

முதலில் நீ உண்மையைச் சொல். அப்புறம் கதையைப் படி.

உன் தங்கை

ஏப்ரல் 2

அன்புத் தங்கச்சிக்கு,

சொல்லிவிட்டேன். பிறகு படித்தோம். அவள் கேட்ட முதல் கேள்வி, "பூதம் திருப்பித் துப்பாதா?"

"துப்பாதுடா."

"அப்போ நம்ம அம்மாவும் வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க."

"நான் தட்டு சரியா வெக்காததாலயா?"

"இல்லவே இல்லடா. நீ நல்லாத்தான் வெச்சே."

அழுதாள். உன் முயல் அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான் அந்த அளவுக்குத் தேறவில்லை, நானும் அழுதேன். பிறகு, இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. பூதத்துக்கு இன்னும் ரெண்டு பல் வேண்டுமாம். வயிறு போதாதாம்; அம்மா முயல் எப்படி உள்ளே போயிருக்கும் என்கிறாள். "அத்தைக்கு வரையவே தெரியலப்பா, பாவம்" என்றாள். அத்தையிடம் நேரில் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறதாம். லீவு போட்டுவிட்டு வா.

நன்றி என்று எழுதிப் பார்த்தேன், சின்னதாக இருக்கிறது. உங்கள் பதிப்பகத்தில் இதைவிடப் பெரிய சொல் இருந்தால், மேலாளர் திருத்துவதற்குள் எனக்கு அனுப்பு.

இன்று மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள்.

அண்ணன்