கோட்டுக்கு உள்ளே அக்கா கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குப் போயிருந்தேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. பிட்ச்சின் மேல் விரிக்கும் கயிற்றுப் பாயை, நீங்கள் எல்லோரும் 'மேட்' என்று சொல்வதை, நான்கு பெண்கள் இழுத்துவந்து பிரித்துப் போட்டார்கள். நனைந்த தேங்காய் நாரின் வாடை கிளம்பியது. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மண். அந்த வாடை வந்தால் பின்னாலேயே உன் குரலும் வரும். முழங்காலிட்டு மேட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "யக்கா, அங்கிட்டுப் போயி நெழல்ல ஒக்காருங்க, இன்னும் நேரமாகும்" என்பாய். அன்றைக்கு ஆணி அடித்தது வேறு யாரோ. நான் வெயிலிலேயே நின்றேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இரங்கல் செய்தியை நான்தான் எழுதினேன். மாவட்டப் பெண்கள் கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன், குளத்தூர் தாலுகா அலுவலக ஊழியர், உடல்நலக் குறைவால் காலமானார். எங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான். அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு சேதி கிடைத்தது. உனக்குச் சேர வேண்டிய சேதி. அதைச் சொல்வதற்கு முன்னால் அமலி உன் அணிக்கு வந்த வருஷத்தை முதலிலிருந்து ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

அமலி ஆவூர்ப் பெண். இடது கை ஆட்டக்காரி. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியில் அவள்தான் கேப்டன். அந்த அணியில் அவள் ஓடு என்றால் ஓடுவார்கள், நில் என்றால் நிற்பார்கள். அவளைப் பற்றி நானே இரண்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன். வயது கடந்ததும் உன் அணிக்கு வந்தாள். பெரியவர்கள் அணி. கல்யாணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். வந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லோரும் அக்கா. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மற்றவர்களின் பைகளைத் தூக்கினாள். கடைசியில் இறங்கினாள், அல்லது இறங்கவே இல்லை.

யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் பிரியமாகத்தான் இருந்தார்கள். "சின்னப்புள்ள, அங்கிட்டு ஓரமா நில்லு, பந்து கிந்து பட்டுறப் போகுது" என்று எல்லைப் பக்கம் அனுப்பினார்கள். அந்தப் பிரியத்திலேயே அவள் ஆட்டம் கரைந்துகொண்டிருந்தது. எப்போதாவது மட்டையோடு இறங்கினால் ரன் அவுட். அடுத்த ஆட்டத்திலும் ரன் அவுட். தேர்வாளர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பொண்ணு நல்லாத்தான் அடிக்கிது. ஓடத் தெரியலையே."

அவளுடைய அப்பா உன் அலுவலகத்துக்கு வந்து காத்திருந்து பேசியதை நீதான் எனக்குச் சொன்னாய். விவசாயி, அதிகம் பேசாத மனிதர். "பத்தொம்பது வயசு வரைக்கும் கப்பு கப்பா வாங்கியாந்தா மேடம். இப்பத் தண்ணி தூக்குறா. இந்த வருசம் மண்டல டீமுக்கு எடுத்தா வெளாடட்டும். இல்லன்னா திருச்சியில நர்சிங் சேத்து விட்டுர்றேன். அவ வயசும் போகுதுல்ல." அவர் கேட்டதில் தவறு இல்லை என்றுதான் நீயும் சொன்னாய். அமலிக்கு இருந்தது அந்த ஒரு பருவம்தான்.

மூன்றாவது முறையாக அவள் ரன் அவுட் ஆன அன்று, ஆட்டம் முடிந்து மோட்டார் அறைப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நீ போய் எதிரே குந்தினாய். கட்டுமாவடி புனிதாவும் வந்தாள். விக்கெட் கீப்பர், மீன் வியாபாரக் குடும்பம், மைதானத்தில் அவள் பேச்சு எதிர் மூலை வரை கேட்கும். அன்றைக்கு எதிர் முனையிலிருந்து ஓடி வந்தவள் அவள்தான்.

"ரன் இல்லன்னு ஒனக்குத் தெரிஞ்சுச்சா இல்லையா?" என்று நீ கேட்டாய்.

"தெரிஞ்சுச்சுக்கா."

"அப்பறம் ஏண்டி ஓடுன?"

"புனிதாக்கா வந்துட்டாங்க."

"நோ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேங்க்கா. 'வேணாங்க்கா'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவுங்க பாதி தூரம் வந்துட்டாங்க. அப்பறம் எப்புடி அவுங்களத் திருப்பி அனுப்புறது?"

புனிதா தலையில் அடித்துக்கொண்டாள். "அடியே, நீ எனக்கு மரியாத குடுத்து முடிக்கிறதுக்குள்ள ஒன் ஸ்டம்ப்பு போயிருச்சேடி!"

சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அமலியும் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. "சின்னவங்க டீம்ல என்ன சொல்லுவ?" என்று கேட்டாய்.

"'போடி'ம்பேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாய். "இந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ள வந்துட்டா அக்கா கெடையாது, தங்கச்சி கெடையாது. பேரு மட்டுந்தான். கோட்டத் தாண்டி வெளிய போனப்பறம் கால்ல வேணாலும் விழுந்துக்கங்க."

புனிதாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நாளைக்கி மீன் மார்க்கெட்டுல வந்து 'ஏ புனிதா'ம்பாளுக. எங்க மாமியா முன்னாடி என் கதி என்னாகுறது?"

"ஒங்க மாமியாவச் சுத்தியும் ஒரு கோடு போட்டு விடுறேன்."

சிரிப்போடு முடிந்தாலும் இரண்டு பேருக்கு வருத்தம்தான். வயசுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்று என்னிடம் வந்து சொன்னார்கள். அமலிக்கோ வாயே வரவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னாய். முதல் எழுத்தோடு நின்று இருமினாள். மறுபடி சொல்லச் சொன்னாய். மறுபடி இருமினாள். "ஒனக்கு என்ன, டிபியா?" என்று கேட்டுவிட்டுப் பந்தை அவள் கையில் திணித்தாய். தண்ணீரை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாய். மூன்றாவதாக இறங்குவது பள்ளிக்கூட நாளிலிருந்து உன் இடம். அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு நீ நான்காவதாக இறங்கினாய். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் இவ்வளவு பாடு என்று உன்னைக் கேட்டேன். காலில் கட்டியிருந்த பேடைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "இவள மாதிரி எத்தன பேரு வந்தாளுக யக்கா. பத்தொம்பதுல புலி. இருவதுல ஆளக் காணோம். வெளாட்டு மறந்தா போகுது? இங்கிட்டு வந்து வாய மூடிக்கிறாளுக. அம்புட்டுத்தான்."

அந்தப் பேச்சை இப்போது எங்கே போனாலும் நினைத்துக்கொள்கிறேன். மாநிலம் பூராவும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கூட்டம் போடுகிறார்கள். சிறுவர் அணியில் மின்னுகிறவர்கள் பெரியவர் அணியில் ஏன் காணாமல் போகிறார்கள் என்று. உடற்பயிற்சி, சத்துணவு, நல்ல பிட்ச் என்று பதில் சொல்கிறார்கள். எல்லாம் சரிதான். நான் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 'வேணாங்க்கா' என்ற வார்த்தை எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்டதில்லை.

மண்டல அணித் தேர்வு ஆட்டம் நம் மைதானத்திலேயே நடந்தது. துணிப் பந்தலுக்குக் கீழே தேர்வாளர்கள் இருவர். அமலியின் அப்பா முதல் தடவையாக வந்திருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அந்த வருஷம் நீயும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தாய். மண்டல அணியின் வாசல் வரை போய்ப் போய்த் திரும்பியவள் நீ. வயது முப்பத்தேழு. இதுதான் கடைசி என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நீயும் அவளும் ஒன்றாக ஆடினீர்கள். இருவருமே நிதானமாக ஓட்டம் சேர்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் அமலி ஒரு பந்தைத் தன் காலருகே லேசாகத் திருப்பிவிட்டாள். பந்து அவளுக்குப் பின்னால் போனது. அவளுக்குப் பின்னால் போகும் பந்துக்கு எதிர் முனையில் நிற்கும் நீதான் குரல் கொடுக்க வேண்டும். "யெஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். அமலி திரும்பி ஒருமுறை பார்த்தாள். பந்தை நோக்கி ஒருத்தி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"நோ! நோ! போடி!"

மைதானம் முழுக்கக் கேட்டது. நீ பாதி வழியில் நின்று, திரும்பி, பாய்ந்து விழுந்தாய். பந்து உனக்கு முன்னால் ஸ்டம்பைச் சேர்ந்துவிட்டது.

நீ அவுட் ஆகித் திரும்பும் விதம் எனக்குத் தெரியும். மட்டையைத் திட்டுவாய், மேட்டைத் திட்டுவாய், எதிரே நின்றவளின் ஏழு தலைமுறையையும் திட்டுவாய். அன்றைக்கு எழுந்து, முட்டியில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அமலியிடம் நடந்து போய் ஏதோ மெதுவாகச் சொன்னாய். பிறகு வெளியே வந்தாய். "சரியான கால்" என்று நீ சொன்னதாக அமலி சாயங்காலம் எனக்குச் சொன்னாள். ஓடு, நில் என்று கொடுக்கும் குரலுக்குத்தான் நீங்கள் 'கால்' என்பீர்கள்; ஓட வேண்டாம் என்று அவள் எடுத்த முடிவு சரி என்று அர்த்தம்.

அவளுடைய அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நீ கோட்டைத் தாண்டியதும் கையைக் கூப்பிக்கொண்டு ஓடினார். "மேடம், மன்னிச்சுருங்க மேடம். நாங்க அப்புடி வளக்கல. வீட்டுல ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டா."

"அண்ணே, அங்க உள்ள அதுதாண்ணே மரியாத" என்றாய் நீ. "இப்புடி ஒக்காருங்க. ஒங்க பொண்ணு ஆடுறதப் பாருங்க."

அவர் உட்கார்ந்தார். அமலி கடைசி வரை ஆடினாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், நிறுத்தினாள், ஓட வைத்தாள். புனிதாவை இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். புனிதா முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். மண்டல அணியில் அமலியின் பெயர் வந்தது. உன் பெயர் வரவில்லை. நான் எழுதிய செய்தியில் உனக்கு நேராக 'ரன் அவுட்' என்று மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு திருச்சி ஆஸ்பத்திரியில்தான் அந்த நாளைப் பற்றி நாம் பேசினோம். மத்தியானம். அமலி வந்து பார்த்துவிட்டு அப்போதுதான் போயிருந்தாள். நீ மெலிந்து போயிருந்தாய், குரல் மட்டும் மெலியவில்லை.

"இன்னமும் என்னைய 'போடி'ன்ன கதையச் சொல்லிச் சிரிக்கிறா பாத்தீங்களா" என்றாய். பிறகு, "அன்னைக்கி ரன் இருந்துச்சு யக்கா. பந்து ஈரப் புல்லுல நிண்டுருச்சு. நடந்தே வந்துருக்கலாம்."

எனக்கும் அப்படித்தான் பட்டிருந்தது. ஆனால் எனக்குப் பட்டதை நான் எழுதுவதில்லை. "அப்பறம் ஏன் சரியான கால்னு அவகிட்ட சொன்ன?" என்று கேட்டேன்.

"மொதத் தடவையா வாயத் தொறந்துருக்கா. அது தப்புன்னு சொன்னா இன்னொருக்கா தொறப்பாளா?" தலையணையைச் சரிசெய்துகொண்டாய். "அவகிட்ட சொல்லிறாதீங்க."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

ஜன்னல் பக்கம் பார்த்தாய். "இருந்துச்சு. ரொம்ப நாளு இருந்துச்சு. ஒங்ககிட்ட என்னத்துக்குப் பொய் சொல்லணும்."

நீ கேட்டபடியே நான் அவளிடம் சொல்லவில்லை. நீ போன பிறகும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அமலி ஆடி முடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது அவள்தான் நம் மாவட்ட அணியின் கேப்டன். உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சின் நடுவே, கையுறையை உதறிக்கொண்டே கேட்டாள்: "யக்கா, அன்னைக்கி ரன் இருந்துச்சுல்ல?"

நான் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீங்க சொல்ல வேணாம். எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அவுங்க திட்டல பாருங்க, அதுலதான். எம்மேல தப்பு இல்லன்னா வழக்கம்போலத் திட்டிக்கிட்டே போயிருப்பாங்க. அவுங்க சொன்ன 'சரியான கால்'லயே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் ஒவ்வொரு பந்தும் அவுங்களுக்குச் சேத்துத்தான் ஆடுனேன்."

"அவகிட்ட ஏன் சொல்லல? ஆஸ்பத்திரிக்கெல்லாம் வந்தியே."

"சொன்னா அவுங்க குடுத்தது இல்லன்னு ஆயிருமே" என்றாள். "எனக்குத் தெரியாதுங்கிற அவுங்க நெனப்புலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். சிரிக்கிற மாதிரி அந்தக் கதையவே சொல்லிக்கிட்டு இருந்தேன்." பிறகு, "நீங்க வேணும்னா எழுதிக்கங்க. இனி என்ன" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட எழுந்து போனாள்.

இத்தனை வருஷம் செய்தி எழுதியவள் நான். இரண்டு தரப்பும் கேட்டுத்தான் எழுதுவேன் என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். உன் தரப்பு ஆஸ்பத்திரியில் கிடைத்தது. அவள் தரப்பு இப்போதுதான் கிடைத்தது. ஒருத்தி சொன்னதை மற்றவளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தூரத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன், இரண்டு தரப்பும் என் கைக்கு வந்தபோது நீ இல்லை.

இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நீ விட்டுக்கொடுத்தது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு நீ முட்டி மண்ணைத் தட்டிவிட்டு அவளிடம் நடந்து போனபோதே தெரியும்.