மேசைக்கு முட்டுக் கொடுத்த இரும்பு

கட்டுவன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வினோஜாவின் அப்பாவுக்கு,

நானும் மகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறோம். இந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். போனில் சொல்லத் தொடங்கினால் நீங்கள் பாதியில் மறிப்பீர்கள், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் ஜெறோமிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மேலே ஊரின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஆறு வாரமாக நாங்கள் கரவெட்டி வாடகை வீட்டில் இல்லை. இராணுவம் விடுவித்த உங்கள் அம்மாவின் காணியில் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறோம். வீடு கட்டாமல் அங்கே போகவேண்டாம் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. வெளிச்சம் போதாது என்று நான் வீடியோவை நிறுத்தியதெல்லாம் தகரம் தெரியக்கூடாது என்றுதான். ஐந்து வயதில் இடம்பெயர்ந்த நாள் முதல் பிறத்தியார் வளவில்தான் முற்றம் கூட்டியிருக்கிறேன். காணி திரும்பக் கிடைத்த பிறகு என்னால் பொறுத்திருக்க முடியவில்லை.

இங்கே கறையான் மோசம். வந்த ஒரு மாதத்திலேயே மகளின் படிப்பு மேசையின் கால்களை மாவாக்கிவிட்டது. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. கொங்கிறீற்றில் மேசைப்பலகை வார்க்கலாம் என்று அவள்தான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கொங்கிறீற் வேலை செய்கிறவரின் வீட்டில் இதுகூடத் தெரியாதா என்று எனக்கும் ரோசம் வந்துவிட்டது.

நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் பலகையால் பெட்டி அடித்து, உள்ளே எண்ணெய் பூசினோம். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, சின்னச் சல்லி இரண்டு. நடுவே கோழிக்கூட்டு வலை. கொட்டிலின் வாசலடியில் மூன்று மூலைக்கும் கல் வைத்துப் பெட்டியை மட்டப்படுத்தினேன். நாலாவது மூலைக்குப் பொருத்தமான கல் கிடைக்கவில்லை. இடிந்த குசினிச் சுவரடியில் ஒரு குழாய்த்துண்டு போல இரும்பு கிடந்தது. நானே மண்வெட்டியால் கிளப்பி, கல்லில் தட்டி மண்ணை உதிர்த்து, முட்டுக் கொடுத்தேன்.

கலவையை ஊற்றியதும் காற்றுக் குமிழ் போகவேண்டும் என்று வினோஜா சுத்தியலால் பெட்டியைச் சுற்றித் தட்டினாள். இரும்பு வைத்த அந்த மூலையில்தான் குமிழ் நிறைய வருகிறது என்று அங்கேயே குந்தியிருந்து அரை மணித்தியாலம் தட்டினாள்.

மற்ற நாள் காலை, மூடியிருந்த சாக்குக்கு நான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காணிக்குத் திரும்பி வந்திருக்கும் செல்வநாயகம் அண்ணை வேலியால் வந்தவர், குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "பிள்ளை, வாளியை உதிலை விட்டிட்டு எழும்பு. ஓடாதை. மெல்ல என்னட்டை வா" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. மகள் கொட்டிலுக்குள் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்தால் பெட்டியைத் தாண்டித்தான் வரவேண்டும். அவர்தான் பின்பக்கத் தகரத்தைக் கழற்றி, அவளைக் கையில் பிடித்து வெளியே எடுத்தார். அது குழாய் இல்லை. சண்டைக் காலத்து வெடிக்காத ஷெல்.

பொலிசுக்கு அறிவித்து, குண்டு அகற்றுகிறவர்கள் வர நாலு மணித்தியாலம் சென்றது. நாங்கள் வைரவர் கோயிலடியில் நின்றோம். வந்த அதிகாரிக்குத் தமிழ் அரைகுறை. எந்த முனை எந்தப் பக்கம் என்று வைத்த ஆளே காட்டவேண்டும் என்று ஒரு கடதாசியைத் தந்தார். படம் கீறிக் கொடுத்தேன். அதன்மேல் அடி ஏதும் பட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன். யார், எவ்வளவு நேரம் என்றார். சொன்னேன். அவர் வினோஜாவைப் பார்த்தார். கடதாசியை மடித்துக்கொண்டு போனார்.

மண்மூட்டை அடுக்கி, இரண்டு பேர் குப்புறப் படுத்துக்கொண்டு, கார் தூக்கும் ஜக் வைத்து அங்குலம் அங்குலமாகப் பாரத்தை எடுத்ததாக அண்ணை சொன்னார். பின்னேரம் தூரத்து வெளியில் வைத்து வெடிக்க வைத்தார்கள். கோயில் மணி தானாக அதிர்ந்தது. "அம்மா, நான் தட்டினது பலகையிலை தானே" என்று மகள் கேட்டாள். "ஓம், பலகையிலைதான்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாள் செல்வநாயகம் அண்ணை வீட்டில் இருந்தோம். அதற்குள் குண்டு அகற்றுகிறவர்கள் மெசின் கொண்டு வந்து கொட்டிலடி, முற்றம், கிணற்றுப் பாதை எல்லாம் பார்த்துவிட்டார்கள். மேசைப்பலகை தப்பிவிட்டது. ஓரத்தில் மயிர்க்கோடாக ஒரு வெடிப்பு இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து தூக்கிச் சீமெந்துக் கல்லில் ஏற்றினோம். இரண்டு நாள் அவள் கிட்டப் போகவில்லை. நேற்றுக் காலை தானாகவே இரசாயனவியல் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்தாள். படித்தாளா தெரியாது. இருந்தாள்.

எங்களைத் திரும்பக் கரவெட்டிக்குப் போகச் சொல்லாதீர்கள். என்னை ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவளை மட்டும் ஒன்றும் கேட்கவேண்டாம்.

கிணற்றுக்கு மேற்கே பற்றையாக இருப்பதால் இன்னும் பார்க்காமல் சிவப்புக் கயிறு கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாற மாதம் இருபதாம் திகதி வருவார்களாம். காணியின் எல்லையை யாராவது நின்று காட்டவேண்டுமாம். எனக்கு அந்த எல்லை தெரியாது. பன்னிரண்டு வயதுவரை அங்கே ஓடித்திரிந்த உங்களுக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் வந்து நிற்பார் என்று சொல்லிவிட்டேன்.

வைரவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் உதயகலா