கரியான கோழி

அன்புள்ள டாக்டரம்மா,

பறவைக் காய்ச்சல் வந்த கோழிப்பண்ணையில் வேலை முடித்து வந்த நீ, மாடியறையில் தனியாகக் கதவடைத்துக்கொண்டாய். "சிக்கன் செஞ்சா உள்ளே 165 டிகிரி வரணுங்க, அப்பத்தான் வைரஸ் சாகும்" என்றாய்.

இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சமையல் தெர்மாமீட்டரைக் கறியில் செருகிக் காத்திருந்தேன். குழம்பு வறுவலானது, வறுவல் கரியானது. இந்த டெக்சாஸ் ரவுண்ட் ராக் ஊர் முழுக்கக் கேட்கும்படி புகை அலாரம் அலறியது. நம் ரோஷினி ஓடிவந்து, "அப்பா, இது செல்சியஸ்! அம்மா சொன்னது ஃபாரன்ஹீட், இதுல 74 வந்தாலே போதும்!" என்றாள்.

அப்போதுதான் நீ மேலிருந்து "டெஸ்ட் நெகட்டிவ்!" என்று கத்தினாய். பதிலுக்குக் கத்தாமல் இதை எழுதிக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். தொண்டை அடைத்திருக்கிறது. புகையால்தான், ரோஷினி வேறு ஏதாவது சொன்னால் நம்பாதே.

சாப்பாடு வெறும் தயிர்சாதம். இன்று உன் தட்டைக் கதவுக்கு வெளியே வைக்கமாட்டேன். அது கீழே, என் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இறங்கி வா.

உன்
கரிச்சட்டிக்காரன்